நான்காவது ஜெபக்குறிப்பு

“இந்தப் பிள்ளையா? பார்த்தா ஒண்ணுமே தெரியலையே!”

இதுதான் என் காதில் விழுந்த முதல் வார்த்தை. என்னிடம் சொன்னதல்ல. சபை மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவுகிற குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காகிதத் தட்டுகளில் மிக்சரும் பழமும் வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு என்று நினைத்தேன். பாவம், அந்தப் பிள்ளைக்கு என்னவோ என்றுகூட நினைத்தேன். அப்போது மற்றவள், “மெல்லப் பேசு. அந்தா நிக்கா” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான் ஆன்ட்டி. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் இருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது என்பார்கள். ஆனால் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். பஸ் நகர எப்படியும் இருபது நிமிடம் ஆகும். நீங்கள் திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு வருகிறீர்கள். பன்னீர் இலை விபூதி வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. எங்கள் சபையில் உங்களுக்கு யாரையும் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

பையா? வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை, காகிதம்தான்.

எங்கள் சுகிர்தா அக்காவும் ஜெயசிங் அத்தானும் மிஷனெரிகள். மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர்கள் என்றுதான் பலபேர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலிருந்தாவது வடக்கே ஊழியத்துக்குப் போயிருப்பார்கள். இவர்கள் இருப்பது ஜார்க்கண்டில் ஒரு மலையூர். போய் ஏழு வருடம் ஆகிறது. அங்கே அத்தான் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்.

இவர்களுக்காகத் தினமும் ஜெபிக்கிற வீடுகள் முந்நூற்று நாற்பது இருக்கின்றன. மாதம் ஒரு கடிதம் அந்த வீடுகளுக்குப் போகும். ஜெபக்கடிதம் என்போம். முதல் பக்கத்தில் மலையில் நடந்த ஒரு சம்பவம், ஒரு படம். பின்பக்கத்தில் ஜெபக்குறிப்புகள், எண் போட்டு. இன்னாருக்கு இன்ன வியாதி, இன்னார் வீட்டில் இன்ன கஷ்டம், ஜெபியுங்கள் என்று. வாங்குகிறவர்கள் வேதப்புத்தகத்துக்குள் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார்கள்.

அக்கா போனில் விஷயத்தைச் சொல்வாள். எழுதுவது நான். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு அது ஒன்றுதான் பிரயோசனம் என்று அம்மா சொல்வாள். மடிப்பது அம்மா. பாளையங்கோட்டையில் கொண்டுபோய்த் தபாலில் போட்டால் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும்.

பெருமைக்குச் சொல்லவில்லை, என் கடிதங்களை வாசித்து அழுதவர்கள் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் புத்னி என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். புருஷன் குடித்துவிட்டு உதைத்ததில் வயிற்றுப் பிள்ளை கலைந்துபோனது. அப்புறம் சாகக் கிடந்து பிழைத்தாள். அவளுடைய படத்தை முதல் பக்கத்தில் போட்டோம். ‘மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மனிதர் வழி அடைபட்ட இடத்தில் தேவன் வழி திறந்தார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பாஸ்டரம்மா போன் பண்ணி எனக்கே வாசித்துக் காட்டினார்கள். உண்மையில் அங்கே மருத்துவர் யாரும் இல்லை, ஒரு நர்ஸ்தான். ஆனாலும் அந்த வரி நன்றாக அமைந்துவிட்டது.

சரி. போன மாதம் அக்காவும் அத்தானும் ஊருக்கு வந்தார்கள். அப்பா அடக்கத்துக்கு வந்துபோன பிறகு இப்போதுதான். என் கல்யாணத்துக்காகவே ஒரு மாத விடுப்பு வாங்கி வந்தார்கள்.

ஆமாம், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

மிஷனெரிகள் வந்தால் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரர்களாக இருக்க முடியாது. ஊருக்கே சொந்தம். காலையில் பல் துலக்கும் முன்னாலேயே வாசலில் ஆள் நிற்கும். “ஏ மக்கா, இப்பிடிக் கறுத்துட்டியே!” என்று அக்காவைக் கட்டிக்கொள்வார்கள். “அங்க எலியத் திங்காவளாமே, நெசமா?” என்று அத்தானைக் கேட்பார்கள். “நாம கருவாடு திங்கோம்னு அவங்க கேக்காங்க” என்பார் அத்தான். வேளைக்கு ஒரு வீட்டில் விருந்து. எல்லா வீட்டிலும் நாட்டுக்கோழிக் குழம்பு. மூன்றாம் நாள் காலையில் எங்கள் புறவாசலில் சேவல் கூவியபோது, “ஸ்தோத்திரம், ஒண்ணாவது உயிரோட இருக்கு” என்றார் அத்தான். சாப்பிட்டு எழுந்ததும், “ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போங்க” என்று பிள்ளையின் பரீட்சை, மருமகளின் வயிற்றுவலி, கேஸில் கிடக்கும் வயல் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் அழுவாள். நிஜமாகவே அழுவாள்.

ஆனால் நான் கவனித்தேன். அக்கா காலையில் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்கவில்லை. அத்தான்தான் காபியைக் கொண்டுபோய் எழுப்புவார். அம்மா அது பிரயாணக் களைப்பு என்றாள். மூன்று நாள் கழித்துமா களைப்பு?

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மா மளிகைச் சாமான் சொல்லப் போயிருந்தாள். அத்தானுக்கு ஏதோ ஒரு வீட்டில் ஜெபம். அக்கா எனக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள்தான் எனக்குத் தேய்த்துவிடுவாள்.

“ஏட்டி எப்சி, நாளமறுநாள் ஓலை வாசிக்கப் போறாவ. முகத்துல ஒரு சிரிப்பக் காணோமே, என்ன?”

“ஒண்ணுமில்லக்கா.”

“சொல்லு. ஜெபிக்கத்தான கேக்கேன்.”

அந்த வார்த்தைக்கு எங்கள் வீடுகளில் ஒரு பலம் உண்டு ஆன்ட்டி. ஜெபிப்பதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டால் மறைக்கக் கூடாது. நான் சொன்னேன்.

கல்லூரி இரண்டாம் வருடம் விடுதியில் எனக்கு வலிப்பு வந்தது. இரண்டு தடவை. அப்பா என்னைத் திருநெல்வேலிக்கு ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவிடம் ரத்தச்சோகை என்று சொன்னோம். மூன்று வருடம் மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அப்புறம் டாக்டரே நிறுத்தினார். நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. ஒன்றும் இல்லை. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், ஒரு தடையும் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அப்பா போனபிறகு இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

கிங்ஸ்லியிடம் சொல்லவில்லை. கிங்ஸ்லிதான் மாப்பிள்ளை. மின்வாரியத்தில் வேலை, பக்கத்து ஊர்தான். பெண் பார்க்க வந்த அன்று நான் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். முழுவதையும் குடித்துவிட்டு, “எனக்குச் சர்க்கரை இல்லாமத்தான் பிடிக்கும்” என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சர்க்கரை இல்லாத காபியைத்தான் குடித்தார். முகம் கோணாமல் குடிப்பார். அப்படிப்பட்ட ஆளிடம் மறைத்துக்கொண்டு போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை. நானே சொல்ல வேண்டும், என் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நிச்சயமாகி நாலு மாதமாக ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? நீங்களும் அதையே கேட்கிறீர்கள். தனியாகப் பேச எங்கே விட்டார்கள்? போனில் சொல்கிற விஷயமா இது? ஈஸ்டருக்கு வந்தபோது சொல்ல நினைத்தேன், அன்றைக்கு அவருக்குத் தலைவலி. அப்புறம் ஒருதரம் கரண்ட் போய்விட்டது. சந்தர்ப்பம் அமையவில்லை, அவ்வளவுதான்.

அக்கா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழம சாயங்காலம் கூட்டத்துக்கு அவரும் வருவாருல்லா? முடிஞ்சதும் தனியாக் கூப்ட்டுச் சொல்லு. நான் இங்க ஜெபிச்சிக்கிட்டே இருப்பேன்” என்றாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்துபோய்த் தன் கைப்பையைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு சின்ன டப்பா. அதற்குள் மாத்திரை அட்டைகள்.

“நானுந்தான் எப்சி” என்றாள்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எங்கள் சபை இல்லை, அதனால் சொல்லலாம். மலைக்குப் போன இரண்டாம் வருடம் அவளுக்கு மனசு விழுந்துவிட்டது. மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. குளிக்கவில்லை, ஜெபிக்கவும் முடியவில்லை. அத்தான் ராஞ்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். அன்றிலிருந்து மாத்திரைதான். அத்தான் தினமும் காலையில் காபியோடு கொண்டுவந்து கொடுப்பது அதைத்தான்.

“அம்மாட்ட சொல்லிராதட்டி. மிஷன்ல தெரிஞ்சா எங்களத் திருப்பிக் கூப்ட்ருவாவ. அத்தானுக்கு அந்தப் பள்ளிக்கூடந்தான் உசிரு.”

சொல்ல மாட்டேன் என்றேன். எங்களில் சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. அதனால் கையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் எங்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை ஏதும் தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பது வழக்கம். வாசித்துவிட்டுப் போதகர் கொஞ்ச நேரம் நிறுத்துவார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சும்மா ஒரு முறைக்குத்தான். எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் நீளமாக இருந்தது. சாயங்காலம் சொல்லிவிடலாம், சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் மிஷனெரிக் கூட்டம். கிங்ஸ்லியின் அம்மாவை நானே போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தேன். முன்வரிசையில் உட்கார்த்திவைத்தேன். முதலில் அத்தான் திரையில் படம் காட்டினார். அக்கா சாட்சி சொல்ல எழுந்தபோது நான் பலகாரத் தட்டு வைக்கப் பின்னால் போய்விட்டேன். தேவன் செய்ததை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்வதைத்தான் சாட்சி என்போம். அக்கா பேசப்போவது எல்லாமே நான் எழுதியதுதானே, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று போனேன்.

அப்போதுதான் அந்தக் குழாயடி வார்த்தை.

தட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். கிங்ஸ்லியின் அம்மா எழுந்து நின்றார்கள். தட்டை நீட்டினேன். “இருக்கட்டும்மா” என்று என் முகத்தைப் பாராமலே வெளியே நடந்தார்கள். வாசலில் கிங்ஸ்லி பைக்கில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்த்தார், ஏதோ சொல்வார் என்று நான் கிட்டே போனேன். வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வாலிபர் சங்கத்தில் அக்கா பேசியதைப் பதிவுபண்ணி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். குளியலறையில் உட்கார்ந்து கேட்டேன். முப்பத்தோராவது நிமிடத்தில் வருகிறது. ‘எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு சகோதரி, ஆராதனையில் இன்று காலைகூட இங்கே உட்கார்ந்திருந்தவள்’ என்று ஆரம்பிக்கிறாள். வலிப்பில் நுரைதள்ளிக் கிடந்தாளாம். ஒரு நாள் மலையில் அக்காவைத் தேவன் அழவைத்தாராம், யாருக்காக என்று தெரியாமலே மூன்று மணிநேரம் அழுது ஜெபித்தாளாம். அதே வருடம் இங்கே அந்தச் சகோதரிக்குச் சுகம் வந்ததாம். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் சொல்கிறாள், ‘மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மனிதர் வழி அடைபட்ட இடத்தில் தேவன் வழி திறந்தார்.’

என் வரி! புத்னிக்கு எழுதிய வரி. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, இறக்கவேண்டிய இடத்தில் குரலை இறக்கி, நான் மனசுக்குள் எப்படிச் சொல்லிப்பார்த்து எழுதினேனோ அப்படியே சொன்னாள். கூட்டத்தில் விசும்பல் கேட்கிறது. எனக்கும் அழுகை வந்தது, அது வேறு அழுகை.

மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்ததும் கேட்டேன்.

“உம் பேரச் சொல்லவே இல்லையட்டி” என்றாள்.

“உனக்கு எத்தன தங்கச்சிக்கா?”

“கூடப்பொறந்த தங்கச்சின்னா சொன்னேன்? சகோதரின்னுதான் சொன்னேன். நம்மள்ல எல்லாரும் சகோதரிதான.”

“நான் அவர்ட்ட சொல்லப்போறேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும். நீ சொல்ல மாட்டே. நாலு மாசமாச் சொல்லாதவ. மேடையில சாட்சியா வந்துட்டா, அது வெக்கமில்ல, மகிமைன்னு ஆயிரும்லா? உனக்கு லேசாகும்னு நெனச்சேன். பதினோரு பேரு தங்களுக்கும் ஜெபிக்கச் சொல்லி எழுந்து நின்னாவ எப்சி. வலிப்புள்ள புள்ளயத் தூக்கிட்டு ஒருத்தி முன்னால வந்தா.”

“அது என் கதைக்கா. என்னக் கேக்காம எப்பிடிச் சொல்லலாம்?”

அக்கா என்னையே பார்த்தாள். “புத்னிகிட்ட கேட்டா எழுதுனே?” என்றாள்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள். புத்னிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? அவளுக்கு இந்த ஊரில் ஓலை வாசிக்கப்போகிறார்களா? அக்காவுக்குத் தன் தப்பை ஒத்துக்கொள்ள மனசில்லை, அதனால் பேச்சை மாற்றினாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

அம்மாவுக்குக் கோபம் வேறு விதம். “எனக்குத் தெரியாம அப்பனும் மகளும் மூணு வருசமா மாத்திரை தின்னியளோ?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ரத்தமில்லன்னு பீட்ரூட்டா அவிச்சுக் குடுத்தேனே! சொல்லியிருந்தா ஜெபிச்சிருக்க மாட்டனா?” மேடையில் சொன்னதை அம்மா ஒரு தப்பாகவே நினைக்கவில்லை. வீட்டில் சொல்லாததுதான் தப்பு.

அத்தான் மட்டும் கிணற்றடியில் என்னிடம் வந்தார். “அவ சொல்லுவான்னு எனக்குத் தெரியாது எப்சி. தெரிஞ்சிருந்தா விட்ருக்க மாட்டேன்” என்றார். தலையைக் குனிந்துகொண்டு வாளியில் தண்ணீர் இறைத்தார். தொட்டி நிரம்பி வழிந்தபிறகும் இறைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கிங்ஸ்லியின் மாமா போதகரைப் பார்த்து, இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கிங்ஸ்லி போன் பண்ணினார்.

“வியாதிக்காக இல்ல எப்சி. எங்கம்மாவுக்கு வேணா அதுக்காக இருக்கும். எனக்கு இல்ல.”

“அன்னிக்குச் சாயங்காலம் சொல்லணும்னுதான் இருந்தேன். நெசமா.”

“இருக்கலாம். ஊரே கேட்ட பெறகுதான நான் கேட்டேன்.” அப்புறம் சொன்னார், “நான் ஒங்ககிட்ட பொய் சொன்னது அந்தக் காபிக்கு மட்டுந்தான்.”

போனை வைத்துவிட்டார். நான் அவருக்கு மறுபடி பண்ணவில்லை.

கல்யாணம் இல்லை என்று ஆனபிறகு அவர்கள் இங்கே எதற்கு? விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்பினார்கள். அதுவரைக்கும் விருந்து மட்டும் நிற்கவில்லை. போன வீட்டிலெல்லாம் அக்காவைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்க்கிறவர்கள் பார்க்கிற பார்வையில் தெரிந்தது. கடையில் பால் வாங்கப் போனால் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஸ்தோத்திரம், இப்ப எப்பிடி இருக்கு?” என்கிறார்கள். யாரும் கேலி பண்ணவில்லை ஆன்ட்டி. எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்டேஷனில் அக்கா என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். “கர்த்தர் இதவிட நல்லதா வச்சிருக்காரு” என்றாள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு மடித்த தாளைக் கையில் திணித்தாள். “இந்த மாச லெட்டருக்கு. ஒன் சாட்சியையும் முதல் பக்கத்துல போட்ரு. நீயே எழுது. நீ எழுதுனாத்தான் நல்லாருக்கும்.”

நான் தலையாட்டினேன். நான் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன்.

போன வியாழக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். என் சாட்சிக்கு முதல் பக்கத்தில் இடமில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் போனதை எழுதினேன், படமும் நன்றாக இருந்தது. பின்பக்கத்தில் அக்கா எழுதிக்கொடுத்த ஜெபக்குறிப்புகள் மூன்றையும் அப்படியே போட்டேன். ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை. இரண்டு, மழைக்காலத்தில் அத்தானின் மலைப் பிரயாணங்கள். மூன்று, புத்னியின் புருஷன் குடியை விட.

நான்காவது நான் சேர்த்தேன். ‘நம் சகோதரி சுகிர்தா ஐந்து வருடங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவருகிறார். ஒரு காலத்தில் மூன்று மாதம் படுக்கையை விட்டு எழ முடியாமலும், ஜெபிக்க முடியாமலும் இருந்தார். பூரண சுகத்துக்காக ஜெபிக்கவும்.’

எல்லாம் உண்மை. வழக்கமாக நான் கொஞ்சம் கூட்டி எழுதுவேன். இதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. முந்நூற்று நாற்பதோடு ஒன்று மிஷன் அலுவலகத்துக்கும் போகும். அது எப்போதும் போவதுதான், நான் புதிதாக அனுப்பவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஜெபிக்கத்தானே கேட்டிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் அச்சடித்த கட்டைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தேன். அம்மா மடிப்பதற்கு முன்னால் ஒரு கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிப்பாள். ஒவ்வொரு குறிப்புக்கும் கண்ணை மூடி, “ஆண்டவரே, பாரும்” என்பாள். அப்புறம்தான் மடிப்பாள். இத்தனை வருடமும் அப்படித்தான். நான் சமையலறை வாசலில் நின்றேன். அம்மா கத்துவாள், கட்டைத் தூக்கி வெந்நீர் அடுப்பில் போடுவாள், என்னை அடிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

கூரைக்கு ‘ஆண்டவரே, பாரும்’ என்றாள். மலைப் பிரயாணத்துக்குச் சொன்னாள். புத்னி புருஷனுக்குச் சொன்னாள். நான்காவதை வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் சத்தம் நின்றுவிட்டது. விரலை வரியில் வைத்து, உதடு மட்டும் அசைய, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்தாள்.

“அஞ்சு வருசமாவா?” என்றாள்.

“ஆமா.”

“எம்புள்ள அங்க தனியாக் கெடந்து… இத ஏன் இத்தன நாளு போடல? முந்நூறு வீட்டுல ஜெபிச்சிருப்பாவளே! எப்பவோ சொகமாயிருக்குமே!”

அம்மா அந்த இடத்திலேயே முழங்கால் போட்டாள். எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காற்றாடியை நிறுத்திவிட்டுக் கட்டைப் பிரித்தாள். “காலம்பற மொத பஸ்ஸுக்கே போயிருட்டி, தள்ளிப்போடாத” என்றாள். முதல் தாளை எடுத்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து, நகத்தால் அழுத்தி, மடித்தாள்.